உளி எடுக்கும் முன் கொஞ்சம் கவனியுங்கள்! வீட்டிலேயே மரவேலை பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பலகை தேர்வு செய்வதில் இருந்து பாலிஷ் துடைத்த துணியை என்ன செய்வது என்பது வரை... காசும் விரலும் போகாமல் மரவேலை கற்றுக்கொள்ள, கம்பம் பள்ளத்தாக்கின் சாரலுக்கும் வெயிலுக்கும் பொருந்தும் ஆலோசனைகள்.

கூடலூர் என்றதும் பலருக்கு நீலகிரிதான் ஞாபகம் வரும். தேனி மாவட்டத்திலும் ஒரு கூடலூர் உண்டு. கம்பத்தைத் தாண்டி, குமுளி மலைப்பாதை ஏறுவதற்கு முன்னால் வரும் ஊர். ஒரு பக்கம் திராட்சைப் பந்தல், ஒரு பக்கம் தென்னந்தோப்பு, நிமிர்ந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. ஜூன் மாதம் கேரளத்தில் பருவமழை இறங்கிவிட்டால் மலைக்கு இந்தப் பக்கமும் ஈரக்காற்றும் சாரலும் வந்துவிடும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. மாசி பிறந்தால் சுள்ளென்று வெயில்.

இதையெல்லாம் மனிதர்களைவிட அதிகமாக உணர்வது வீட்டில் இருக்கும் மரச்சாமான்கள்தான். ஆடியில் நிலையோடு இறுகி அடம்பிடிக்கும் அதே கதவில், பங்குனியில் வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடுக்கு விழும். 'ஆசாரி சரியாகச் செய்யவில்லை' என்று அவர் மேல் பழி போடுவோம். பாதி நேரம் காரணம் காற்றில் இருக்கும் ஈரம்.

இப்போது கையடக்க ட்ரில் மிஷின் ஆன்லைனிலேயே கிடைக்கிறது. யூடியூபில் நான்கு வீடியோ பார்த்ததும், 'ஒரு அலமாரித் தட்டு நாமே செய்தால் என்ன?' என்ற ஆசை வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால், அந்த வீடியோக்களில் பெரும்பாலும் வருவது வெளிநாட்டு பைன் மரம். நம் கைக்குக் கிடைப்பது வேம்பும் வாகையும் பலாவும் தென்னையும். மரம் மாறினால் வேலையும் மாறும்.

வெட்டிய பிறகும் மூச்சுவிடும் மரம்

மரவேலையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இது. மரம் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சி ஊதும். வெயிலில் அதை விட்டுச் சுருங்கும். இந்த அசைவு பலகையின் நீளவாக்கில் கிட்டத்தட்ட கிடையாது. அகலவாக்கில்தான் நடக்கும். 12 அங்குல அகலத் தேக்குப் பலகை, சாரல் காலத்துக்கும் கோடைக்கும் இடையில் ஒரு நூல் (8 நூல் ஒரு அங்குலம்) அளவுக்குக்கூட அசையலாம். அதிகம் அசையாத மரம் என்று பெயரெடுத்த தேக்குக்கே இந்த நிலை என்றால் மற்ற மரங்களைக் கேட்கவே வேண்டாம்.

அகலமான பலகையைக் குறுக்குச் சட்டத்தில் ஆணி அடித்து, பசையும் போட்டு இறுக்கிவிட்டால், அசைய முடியாத பலகை ஏதாவது ஒரு கோடையில் 'டப்'பென்று பிளக்கும். அந்தக் காலத்துக் கதவுகளைக் கவனித்துப் பாருங்கள். சுற்றிலும் சட்டம் இருக்கும். நடுவில் இருக்கும் பலகை, சட்டத்தின் காடிக்குள் பசை இல்லாமல் உட்கார்ந்திருக்கும். ஊதவும் சுருங்கவும் அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். அழகுக்காக மட்டும் வந்த அமைப்பு அல்ல அது.

இதில் இருந்து சில நடைமுறை விதிகள்:

* அறுத்து வந்த பச்சைப் பலகையில் உடனே வேலை தொடங்காதீர்கள். நிழலில், தரையில் இருந்து உயர்த்தி, பலகைக்குப் பலகை ஒரு அங்குலக் குச்சிகளை இடைவெளி விட்டு வைத்து அடுக்குங்கள். மேலிருந்து கீழ்வரை குச்சிகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை வளையும்.

* காற்றில் உலர்த்துவதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் தோராயக் கணக்கு, ஒரு அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு.

* பலகையின் இரு முனைகளும்தான் வேகமாகக் காய்ந்து வெடிக்கும். அங்கே பழைய பெயின்ட்டையோ உருக்கிய மெழுகையோ பூசிவிடுங்கள்.

* காய்ந்ததா என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். அதே பலகையின் சிறு துண்டைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால், அந்தத் துண்டு உங்கள் ஊர்க் காற்றுக்குப் பழகிவிட்டது. தடித்த பலகைக்கு இன்னும் சில வாரம் கூடுதலாகக் கொடுங்கள்.

* கதவு, டிராயர் எல்லாம் செய்யும்போது, 'இப்போது எந்த மாதம்?' என்று யோசியுங்கள். கோடையில் செய்தால் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். சாரல் காலத்தில் இறுகும் கதவை உடனே இழைக்காதீர்கள். அப்போது இழைத்தால் கோடையில் பெரிய இடுக்கு விழும். காற்று காயட்டும், பிறகு பார்க்கலாம்.

வைரம் எது, வெளிறு எது?

மரவாடியில் பலகையைப் பார்த்ததும், நிறம் மாறும் இடத்தைத் தேடுங்கள். நடுவில் அடர்த்தியான நிறத்தில் இருப்பது வைரம். ஓரத்தில் வெளுத்து இருப்பது வெளிறு. உளுக்கும் பூச்சிக்குப் பிடித்த மாவுச்சத்து வெளிறில்தான் இருக்கிறது. பலகையில் ஊசி முனை அளவு துளைகளும், தட்டினால் மாவு போல தூளும் விழுந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அது வீட்டில் இருக்கும் மற்ற சாமான்களுக்கும் பரவும்.

தேக்கு: பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இளம் தேக்கில் வெளிறுதான் அதிகம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பசை போடும் இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டினால்தான் பிடிக்கும்.

வேம்பு: உறுதியானது, பூச்சியை ஓரளவு தாங்கும். ஆனால், இதன் இழைகள் ஒன்றுக்கொன்று பின்னி ஓடும். இழைப்புளி போட்டால் பிய்த்துக்கொண்டு வரும். கூர்மையான இழைப்புளியில், மிக மெல்லியதாக இழைக்க வேண்டும்.

பலா: தஞ்சாவூர் வீணை உருவாகும் மரம். உளிக்கு இணங்கி வரும். புதிதில் மஞ்சளாக இருந்து நாளாக ஆகப் பழுப்பாகும் என்பதால், இரண்டு துண்டுகளின் நிறம் சேரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

வாகை: அழகான ரேகை. இழைக்கும்போது பறக்கும் தூள் தும்மலைக் கிளப்பும். முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள்.

கருவேலம்: மாட்டு வண்டிச் சக்கரத்துக்குத் தேர்ந்தெடுத்த மரம். அடி தாங்கும். சுத்தியல் காம்பு, உளிப்பிடி செய்ய நல்லது. துளை போடாமல் ஆணி அடிக்க முயன்றால் ஆணிதான் வளையும்.

சில்வர் ஓக்: மலை மேலே ஏலத் தோட்டங்களில் நிழலுக்கும், மிளகுக் கொடி படர்வதற்கும் வளர்ப்பது. பளபளக்கும் புள்ளி ரேகை உள்ளது. வீட்டுக்கு உள்ளே வைக்கும் சாமான்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சிலருக்கு இதன் தூள் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

தென்னை: முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதியில், வெளி வட்டம்தான் உறுதி. நடுப்பகுதி பஞ்சு. கருவியை வேகமாக மழுங்கடிக்கும் மரம் இது என்பதால் சாணைக்கல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ரப்பர் மரம்: அறுத்த சில நாட்களிலேயே பூஞ்சையும் பூச்சியும் ஏறும். போரான் மருந்தில் பக்குவப்படுத்திய பலகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

பிளைவுட் வாங்கினால், பலகையின் முத்திரையைப் படியுங்கள். 'எம்.ஆர்' என்றால் காற்றின் ஈரத்தை மட்டும் தாங்கும். சமையலறைக்கு 'பி.டபிள்யூ.ஆர்' வேண்டும். தொட்டிக்கு அடியில், தண்ணீர் சொட்டும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள 'பி.டபிள்யூ.பி' வகைதான் சரி.

காட்டுக் கட்டை வேண்டாம்

கூடலூரைச் சுற்றி இருப்பது காப்புக்காடு. ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. காற்றில் விழுந்த கிளைதானே என்று காட்டில் இருந்து எடுத்து வந்தாலும் வழக்கு வரும். சந்தனம், ஈட்டி போன்ற மரங்கள் சொந்தப் பட்டாவில் நின்றாலும் வெட்டுவதற்கு முன் வனத்துறையைக் கேளுங்கள். ஈட்டியைக் காக்கவே தமிழகத்தில் 1994-ல் தனிச் சட்டம் போட்டார்கள். மரக்கடையில் வாங்கினால் ரசீதை வண்டியிலேயே வைத்திருங்கள். குமுளி வழியாக எல்லை தாண்டும்போது அது அவசியம் தேவைப்படும்.

பழைய கதவை இழைக்கும் முன்...

பழைய வீட்டை இடிக்கும் இடத்தில் கிடைக்கும் கதவும் நிலையும் நல்ல வைரம் பாய்ந்த மரமாக இருக்கும். பல ஆண்டுகள் காய்ந்தது, இனி அதிகம் அசையாது. விலையும் மலிவு. ஆனால், அதன் மேல் இருக்கும் பெயின்ட்டில்தான் ஆபத்து.

இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்-க்குள் கட்டுப்படுத்தும் விதி 2016-ல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில், முக்கியமாக மஞ்சள், பச்சை, சிவப்பு போன்ற பளிச் நிறங்களில், ஈயம் நிறைய இருக்க வாய்ப்பு உண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அது தூளாகி வீடு முழுக்கப் படியும். தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் பெரிய பாதிப்பு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது ஈயம்.

எனவே, பழைய பெயின்ட்டைக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நெருப்பு காட்டியும் உரிக்காதீர்கள். வீட்டுக்கு வெளியே, தார்ப்பாய் விரித்து, பெயின்ட் ரிமூவர் பூசி, ஈரம் காயும் முன் சுரண்டி எடுங்கள். சுரண்டியதைத் தார்ப்பாயோடு சுருட்டி அப்புறப்படுத்துங்கள். போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால், இந்த வேலையையே தவிர்த்துவிட்டு பெயின்ட் இல்லாத பழைய மரமாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளும் அப்படித்தான். கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறியவை அவை. ஊஞ்சலும் சாப்பாட்டு மேசையும் செய்ய ஏற்றவை அல்ல. அடுப்பில் எரிக்கவும் கூடாது. பச்சை நிறம் ஏறிய மருந்துக் கம்பங்களிலும் எச்சரிக்கை தேவை. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த அந்த மருந்தை 1933-ல் உருவாக்கியவர், டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் இந்திய விஞ்ஞானி சோன்டி காமேசம். உலகம் முழுக்க மின்கம்பங்களைக் கரையானிடம் இருந்து காத்த கண்டுபிடிப்பு அது. ஆனால், ஆர்சனிக் இருப்பதால் வீட்டுச் சாமான்களில் அதைப் பயன்படுத்தப் பல நாடுகள் இப்போது அனுமதிப்பதில்லை.

எந்தக் கருவியில் தொடங்கலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். டேப், மூலமட்டம், கைரம்பம், ஒரு சின்ன இழைப்புளி, அரை அங்குலம் மற்றும் ஒரு அங்குல உளி, கொட்டாப்புளி, ட்ரில் மிஷின், எண்ணெய்க்கல் இருந்தால் தொடங்கிவிடலாம்.

* டேப்பின் முனைக் கொக்கி ஆடுகிறதே என்று தட்டி இறுக்காதீர்கள். வெளியே மாட்டி அளக்கும்போதும் உள்ளே முட்டி அளக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் வர வேண்டும் என்பதற்காகவே அது ஆடுகிறது.

* ரம்பம் அறுக்கும் இடத்தில் கொஞ்சம் மரம் தூளாகப் போகும். கோட்டின் மேலேயே அறுத்தால் அந்த அளவு குறைந்துவிடும். கழிவுப் பக்கத்தில், கோட்டை ஒட்டி அறுங்கள்.

* சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். சமமாக இருந்தால் சரி.

* மழுங்கிய உளிதான் ஆபத்தானது. அழுத்தித் தள்ளுவோம், வழுக்கிக் கையில் ஏறும். 25 முதல் 30 டிகிரி சாய்வில் தீட்டி வையுங்கள். இரண்டு கைகளும் எப்போதும் உளியின் கூர்முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

* ஆணி அடித்தால் பலகை வெடிக்கிறதா? ஆணியின் முனையை லேசாகத் தட்டி மழுக்கிவிட்டு அடியுங்கள். ஸ்க்ரூவுக்கு முன்கூட்டியே சிறு துளை போட்டு, புரியில் கொஞ்சம் மெழுகு தடவுங்கள்.

* பலகையின் குறுக்கு முனையில் ஸ்க்ரூவும் பசையும் நன்றாகப் பிடிக்காது. அந்த இடத்தில் துளையும் அதற்குள் நுழையும் நாக்கும் செய்து பொருத்துவதே நிலைக்கும்.

* கிளாம்ப் இல்லையா? பழைய சைக்கிள் ட்யூபை நீளமான பட்டையாக வெட்டி, ஒட்டிய பலகைகளைச் சுற்றி இழுத்துக் கட்டுங்கள். பிதுங்கும் பசையை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்தால் அந்த இடத்தில் பாலிஷ் ஏறாது. மறுநாள் வரை எடை ஏற்றாதீர்கள்.

தட்டு ஏன் தொய்கிறது?

புத்தகத் தட்டு செய்பவர்கள் நீளத்தில்தான் ஏமாறுகிறார்கள். முழுக்கப் புத்தகம் அடுக்கிய தட்டின் நீளத்தை இரு மடங்காக்கினால், தொய்வு 16 மடங்காகும். அதேநேரம், பலகையின் தடிமனை இரு மடங்காக்கினால் விறைப்பு 8 மடங்காகும். எனவே 4 அடித் தட்டுக்கு நடுவில் ஒரு தாங்கி கொடுங்கள். அல்லது, தட்டின் முன் விளிம்புக்குக் கீழே ஒன்றரை அங்குலப் பட்டைக் கட்டையை நிற்கவைத்து ஒட்டுங்கள். சின்ன வேலைதான், தட்டு பல ஆண்டுகள் நிமிர்ந்து நிற்கும்.

பாலிஷ்: மழை நாளில் வேண்டாம்

உப்புத்தாளை 80-ல் தொடங்கி 120, 180, 220 என்று படிப்படியாக மாற்றி, இழை ஓடும் திசையிலேயே தேயுங்கள். அரக்கு பாலிஷை ஈரக்காற்று வீசும் நாளில் போட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் காயும் நாளாகப் பாருங்கள். சூடான பாத்திரமும் தண்ணீரும் படும் சாப்பாட்டு மேசைக்கு அரக்கு பாலிஷ் ஒத்துவராது.

கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தையும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால், பூசாத பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும்.

ஆளி விதை எண்ணெயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அது சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள். அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

விரலும் நுரையீரலும்

வீட்டு மரவேலையில் மிகப் பெரிய ஆபத்து, டைல்ஸும் இரும்பும் அறுக்கும் கையடக்க கிரைண்டரில், மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுவது. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுழலும். பல் மரத்தில் சிக்கினால் மிஷின் கையை உதறிக்கொண்டு உடலை நோக்கித் துள்ளும். பாதுகாப்பு மூடியையும் கழற்றிவிட்டால் சொல்லவே வேண்டாம். மரத்துக்கு என்றே உள்ள வட்ட ரம்பமோ ஜிக்ஸாவோ பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் மரவாடியிலேயே அளவு சொல்லி அறுத்து வாங்கிவிடுங்கள். சுழலும் மிஷின் அருகே கையுறை, தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக் கை, விரித்த கூந்தல் எதுவும் கூடாது. பிளேடு மாற்றும்போது ஸ்விட்ச்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். விரல் துண்டாகிவிட்டால், அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் போடக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். 'விரல் துண்டாகிவிட்டது' என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், ஒட்டும் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போக முடியும். அங்குமிங்கும் அலையும் நேரம்தான் விரலைப் பறிக்கிறது.

மரத்தூளையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூளை 1995-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. மூக்கிலும், மூக்கைச் சுற்றிய எலும்பறைகளிலும் புற்றுநோய் வரும் அபாயம் அது. கைக்குட்டை கட்டினால் மெல்லிய தூள் நிற்காது. என்95 முகக்கவசம் போடுங்கள். தூளைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

முதல் வேலையாக ஒரு மணைப்பலகை

கற்றதை எல்லாம் சோதித்துப் பார்க்க ஏற்றது, பாட்டி காலத்து மணைப்பலகை. 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிமனில் ஒரு பலகை எடுங்கள். அவ்வளவு அகலம் கிடைக்காவிட்டால் 6 அங்குலப் பலகை இரண்டை விளிம்போடு விளிம்பு ஒட்டுங்கள். இழை 18 அங்குல நீளவாக்கில் ஓட வேண்டும்.

அடியில் குறுக்காக இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றும் 11 அங்குல நீளம், 2 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குல உயரம். பலகையின் இரு முனைகளில் இருந்தும் 3 அங்குலம் உள்ளே தள்ளி வையுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் மூன்று துளைகள். நடுத்துளை ஸ்க்ரூவின் அளவுக்குச் சரியாக இருக்கட்டும். ஓரத்தில் வரும் இரண்டு துளைகளையும் கட்டையின் நீளவாக்கில் கொஞ்சம் நீட்டிவிடுங்கள். 2 அங்குல ஸ்க்ரூவை வாஷர் போட்டுக் கீழிருந்து முடுக்குங்கள். வாஷரும் ஸ்க்ரூவின் தலையும் தரையில் உரசாத அளவுக்கு மட்டும், சுமார் ஒரு நூல், கட்டையில் குடைந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் ஆழமாகக் குடைந்தால் ஸ்க்ரூவின் முனை பலகையின் மேல்புறம் வந்துவிடும். பசை வேண்டாம்.

ஆடியில் பலகை ஊதும்போது, நடு ஸ்க்ரூ பிடித்துக்கொள்ள, ஓர ஸ்க்ரூக்கள் நீண்ட துளைக்குள் நகர்ந்து இடம் கொடுக்கும். பங்குனியில் திரும்ப வரும். விளிம்புகளை உப்புத்தாளால் உருட்டிவிட்டு, மேலும் கீழும் பூச்சு கொடுத்துக் காயவிடுங்கள். சமதளத் தரையில் வைத்து நான்கு மூலைகளையும் அழுத்திப் பாருங்கள். எந்த மூலைகள் அழுத்தினாலும் ஆடாமல் தரையில் ஊன்றி நிற்கின்றனவோ, அங்கே இருக்கும் கட்டையின் அடியை மட்டும் லேசாக இழைத்தால் போதும்.

ஆட்டம் நின்றதும், வீட்டில் இருக்கும் பெரியவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள்!